லைட்டு மட்டும் உன் இஷ்டம்

இல்லண்ணா, இதுவும் வேணாம். எறக்கிடுங்க. கோச்சிக்காதீங்க, நீங்க நல்ல லைட்டுதான் கொண்டாந்து கீறீங்க, நான் கொற சொல்லல. ஆனா தோ பாருங்க, என் கைய இப்படி டேபிள் மேல வெக்கறேன். பாத்தீங்களா? என் தல நெழலு என் கை மேலயே வுழுது. நான் குனிஞ்சு ஒயர சொருவணும். எங்க சொருவறனோ அங்கதான் இருட்டு. முதுவுக்கு வெளிச்சம் குடுத்து இன்னா பிரயோஜனம், சொல்லுங்க.

இன்னொரு டியூப்பு சேத்துப் போட்டா? எங்க, அந்தப் பக்கமா? போட்டா ரெண்டு நெழலு வுழும். சிரிக்காதீங்கண்ணா, மெய்யாலுமே சொல்றேன். வேணா போட்டுப் பாருங்க.

உங்க பேரு ஜோயல்தான? எங்க வூட்டுக்காரரு காலையில கெளம்பறப்ப சொன்னாரு. வாலாஜாபாத்துலேர்ந்து ஜோயல்னு ஒருத்தரு வருவாரு, நல்லா வேல செய்வாரு, எது கேட்டாலும் கொண்டாருவாருன்னு. நான் இசைவாணி. வாணின்னே கூப்புடுங்க, எல்லாரும் அப்படித்தான். ஏணிய அங்க சாத்தி வெச்சிட்டு ரவ குந்துங்க. மோரு கொண்டாந்து வெச்சிருக்கேன், குடிங்க. மாடு வித்துட்டோம், இது கடையில வாங்கின தயிருதான்.

ஆமாண்ணா, மாட்டுக் கொட்டாதான் இது. தெரியுதா? எவ்ளோ சிமெண்ட்டு போட்டாலும் மழ வந்தா அந்த வாசன ஏறும். மாமியாரு கோவிந்தம்மா, அவங்கதான் மாடு வெச்சிருந்தாங்க. மேய்ச்சலுக்கு எங்க வுடறது? தோ, இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட ஒரு கம்பெனி. பின்னால ஒரு கம்பெனி காம்பவுண்டு. இந்தப் பக்கம் லாரி நிக்கற யார்டு, அதுக்கும் ஆள் ஒசரத்துக்கு மேல செவுரு எழுப்பிட்டாங்க. மூணு பக்கமும் செவுரு. வாசப் பக்கம் மட்டும்தான் வெளிச்சம் வரும், அதுவும் காலையில கொஞ்ச நேரம். ஜன்னலு ரெண்டு இருந்துச்சு. தூசி வருது, ஒயருல படியும்னு எங்க வூட்டுக்காரரு செங்கல்லு வெச்சு அடச்சிட்டாரு. அதனால பட்டப் பகல்லயே இங்க லைட்டு வேணும். லைட்டு இல்லன்னா இது ஒரு பொட்டி. பொட்டிக்குள்ள குந்தன மாதிரிதான்.

இன்னா வேலன்னு கேக்கறீங்களா? கார்ல கதவ தொறந்தா உள்ள லைட்டு எரியுது இல்ல, கண்ணாடி எறங்குது இல்ல, ஹாரன் அடிக்குது இல்ல, அதுக்கெல்லாம் உள்ளுக்குள்ள ஒயரு ஓடும். தனித்தனியா இல்ல, ஒரு கட்டா. ஜட பின்னின மாதிரி. ஹார்னஸ்னு சொல்லுவாங்க. அந்தக் கட்ட பலகை மேல விரிச்சு, ஒவ்வொரு ஒயரையும் அதது ஓட்டையில சொருவி, டேப்பு சுத்தணும். அத்த செய்யற கம்பெனி ஒண்ணுலதான் நான் வேல செய்யறேன், கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து. லைன்ல கடேசியா நான் நிப்பேன். எல்லாரும் கட்டி முடிச்சு என்னாண்ட வரும். நான் கண்ணால பாத்து, கையால தடவி, ஓகேன்னா ஓகே. இல்லன்னா திரும்பிப் போவும்.

அதே வேலைய சின்னதா இங்க செய்யறதுக்குத்தான் இந்தக் கொட்டா. ஜாப் ஒர்க்கு. எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்ச ஒருத்தரு ஆர்டர் தரேன்னு சொல்லி கீறாரு. ஊர்ல நாலு பொம்பளைங்கள கூப்ட்டு உக்கார வெச்சா, நான் சொல்லிக் குடுத்தா, ஓடும்னு கணக்கு.

அந்த மஞ்ச லைட்டா? அத்த மொதல்லயே போட்டுப் பாத்துட்டேண்ணா. வேற ஒருத்தரு கொண்டாந்தாரு, ஸ்ரீபெரும்புதூர்க்காரரு. கல்யாண வூடு மாதிரி நல்லாதான் இருந்துச்சு. ஆனா வெள்ள ஒயர்ல சன்னமா ஒரு மஞ்சக் கோடு போவும், அது வேற ஒயரு. வெறும் வெள்ள வேற. அந்த லைட்ல ரெண்டும் ஒண்ணாத் தெரியுது. பிங்க்கும் ஆரஞ்சும் அக்கா தங்கச்சி மாதிரி நிக்குது. மாத்தி சொருவினா இன்னா ஆவும்? பிரேக்கு அமுக்கினா ஹாரன் அடிக்கும்.

அட, வெளாட்டுக்குச் சொன்னேன். அப்படியெல்லாம் ஆவாது, அதுக்கு முன்னால புடிச்சிடுவாங்க. ஆனா பேரு கெடும் இல்ல.

அப்பால ஒருத்தரு வந்தாரு, ஒரகடத்துலேர்ந்து. பெரிய வட்டமா, ஷெட்டுல தொங்க வுடுவாங்களே, அது. அத்த மாட்டினதும் கண்ணு கூசிப் போச்சு. கூர இவ்ளோ தாழ்வா கீது, அது தலைக்கு மேலயே நிக்குது. சூரியன தலையில வெச்சிகினு வேல செய்யற மாதிரி. அவரும் எறக்கிகினு போயிட்டாரு. பாவம், நல்ல மனுஷன், ஒரு வார்த்த சொல்லல.

நான் லைட்டுல இவ்ளோ பாக்கறேன்னு உங்களுக்கு ஆச்சரியமா கீதா? எங்க கம்பெனியில நீங்க வந்து பாக்கணும். நான் நிக்கற எடத்துல நாலாபுறமும் வெளிச்சம் வரும். மேலேர்ந்து, சைடுலேர்ந்து. நெழலே கெடையாது. கைய நீட்டினா கைக்குக் கீழ ஒண்ணியும் இருக்காது, சும்மா கை மட்டும். மொத நாளு பயந்துட்டேன் நான். அப்பால அந்த எடம் புடிச்சுப் போச்சு. அங்க நின்னா எனக்கு வூட்டு நெனப்பே வராது, பொய் சொல்லல. இந்த கலரு, அந்த கலரு, கிளிப்பு, டேப்பு, அடுத்தது. டீ டைம்ல எல்லாரும் ஒண்ணா போவோம். அங்க என்ன வாணி மேடம்னு கூப்புடறாங்கண்ணா. டீம் லீடர் ஆக்கிட்டாங்க, போன ஆயுத பூஜையில. இங்க யாருக்கும் தெரியாது அது. தெரியும், ஆனா தெரியாது.

சரி, அந்த மூணாவது பொட்டியத் தொறங்க. இன்னா அது, நீளமா, பட்டையா? டேபிள் நேரா மேல தொங்க வுடறதா? சங்கிலி போட்டா? சரி, மாட்டுங்க, பாப்போம்.

நீங்க மாட்டற வரைக்கும் சொல்றேன். இந்த டேபிளு பாத்தீங்களா, நாலும், எங்க வூட்டுக்காரரு அவரு கையாலயே செஞ்சது. ஒண்ணுகூட ஆடாது. தரையும் அவருதான் போட்டாரு. நடுவுல லேசா சரிவு வெச்சு, கழுவினா தண்ணி நிக்காம. கூர ஷீட்ட மாத்தினது, செவுத்துக்கு வெள்ளையடிச்சது, எல்லாம். வாசல்ல போர்டு பாத்தீங்களா, நிலா எண்டர்பிரைசஸ்னு? நிலா எங்க பொண்ணு. ஏழாவது படிக்குது. எழுத்து அவரே எழுதினதுதான், நிலாவுக்கு கால் கொஞ்சம் நீளமா போயிடுச்சு, பரவால்ல.

எங்க நேரம் கெடச்சுதுன்னா... அவரும் கம்பெனி வேலைதான், லீவு போட்டாரு. காம்ப் ஆஃப் இருக்குதுன்னாரு. ஓவர்டைம் பாத்ததுக்கு பதிலா லீவு குடுக்கறாங்கன்னாரு. அப்படித்தான் சொன்னாரு.

குடிக்க மாட்டாரு. சீட்டு ஆட மாட்டாரு. என் மேல ஒரு நாளு கைய நீட்டினது கெடையாது. அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க தெரியுமா, கண்ணப்பன் மாதிரி ஒரு புருஷன் கெடைக்கணும், பொண்டாட்டிக்கு ஒரு கம்பெனியே கட்டிக் குடுக்கறான்னு. நானும் தலைய ஆட்டுவேன். மெய்தான.

இந்தப் பேச்சு எடுத்த அன்னிக்கி சாயந்தரம் பால்கோவா வாங்கினு வந்தாரு. அத்தை இருந்தாங்க, நிலா இருந்துச்சு. எல்லாரையும் குந்த வெச்சு, இன்னும் எவ்ளோ நாளைக்கு வாணி அடுத்தவன் கம்பெனிக்கு ஒழைக்கறது, நமக்குன்னு ஒரு தொழிலு வேணாமா, நீ நின்னுடு, இங்க ஆரம்பி, ஓட ஆரம்பிச்சதும் நானும் வேலைய வுட்டுட்டு கூட வந்துடறேன்னாரு. அத்தைக்கு ஒரே சந்தோஷம். நிலா கைத் தட்டுது. எல்லாரும் என்னயே பாக்கறாங்க. வாயில பால்கோவா. நான் இன்னா சொல்லுவேன்? சரின்னேன்.

அப்பால எல்லாம் அவருதான். மாட்ட விக்கறது அவரு, மேஸ்திரிய கூப்புடாம தானே தர போடறது அவரு, ஆர்டருக்கு பேசறது அவரு. எதுலயும் என்னாண்ட ஒரு வார்த்த கேக்கல. போர்டு மாட்டின அப்பறம்தான் பேரே எனக்குத் தெரியும். நான் மூஞ்சிய தூக்கி வெச்சிகினேன் போல. அதுக்கு சிரிச்சிகினே சொன்னாரு, லைட்டு மட்டும் உன் இஷ்டம் வாணி, அதுல நான் தலையிட மாட்டேன், நீதான் அதுல எக்ஸ்பெர்ட்டுன்னு.

மாட்டிட்டீங்களா? போடுங்க சுச்ச.

ம்.

ம்... இருங்க. கைய வெக்கறேன். நெழலு... இல்ல. அந்த வெள்ள ஒயர எடுங்க. மஞ்சக் கோடு... தெரியுது. பிங்க்கு பிங்க்காதான் கீது. கண்ணும் கூசல.

ஆமாண்ணா. நல்லாதான் கீது.

இல்ல, ஒண்ணுமில்ல. பாத்துகினு கீறேன். அந்த மூலையில ரவ கம்மியா இல்ல? இல்லியா? சரி. இது சத்தம் போடுது பாருங்க, ஞொய்னு. கேக்கலயா? எனக்குக் கேக்குது. நாளெல்லாம் காதுல இந்த சத்தம் வந்துகினே இருந்தா தலவலி வராதா? பக்கத்து கம்பெனி மிஷின் சத்தமா? அது வேறண்ணா, அது தெரியும் எனக்கு. அப்பறம் இந்த வெளிச்சத்துக்கு பூச்சி வரும். பல்லி வரும். கூர முழுக்க சந்து. வேற மாடல் எதுனா இருந்தா அடுத்த வாரம் கொண்டாந்து காட்டுங்களேன். நானே போக வர செலவு குடுத்துடறேன்.

...

கோவப்படாதீங்கண்ணா. தெரியும், உங்களுக்கு வேற வேல கீது. அந்த ஸ்ரீபெரும்புதூர்க்காரரு உங்களாண்ட சொன்னாரா? இன்னா சொன்னாரு, அந்தம்மா வாங்கற கட்சி இல்ல, சும்மா டைம் பாஸ் பண்ணும்னா? சரியாத்தான் சொல்லி கீறாரு.

குந்துங்க. ஏணிய மடக்காதீங்க. சொல்றேன். அந்தக் கதவ மட்டும் ரவ சாத்துங்க. அத்தை வூட்ல டிவி பாத்துகினு கீறாங்க, ஆனா காது பாம்புக் காது.

இந்தக் கொட்டாயில எல்லாம் முடிஞ்சு போச்சுண்ணா. தர முடிஞ்சிது, டேபிளு முடிஞ்சிது, போர்டு கூட முடிஞ்சிது. பாக்கி லைட்டுதான். லைட்டு எரிஞ்ச அன்னிக்கி நான் கம்பெனியில எழுதிக் குடுத்துட்டு நின்னுடணும். அதான் பேச்சு. இப்ப புரியுதா, ஏன் ஒவ்வொரு லைட்டா திருப்பி அனுப்பறேன்னு? சித்திரையிலேர்ந்து லைட்டு பாத்துகினு கீறேன். மழக்காலம் வந்துடுச்சு. இன்னும் பாத்துகினு கீறேன். நீங்க நல்ல லைட்டா கொண்டாந்து மாட்டிட்டீங்க, நான் இன்னா பண்ணுவேன்? கொற கண்டுபுடிக்க ஒண்ணியும் இல்ல. அதான் பல்லி வரும்னேன்.

இஷ்டமில்லன்னா அவராண்ட சொல்லிடலாமேன்னா... சொல்லலாம். வாய் கீது இல்ல. ஆனா முடியாதுண்ணா. அது வேற விஷயம், வுடுங்க.

யாருக்கு போன் பண்றீங்க? அவருக்கா? பண்ணாதீங்க. அவரு ஷிஃப்ட்ல கீறாரு. எடுக்க மாட்டாரு, அவங்க கம்பெனியில போன உள்ள கொண்டு போவ வுட மாட்டாங்க, கேட்லயே லாக்கர்ல வாங்கி வெச்சிடுவாங்க. சாயந்தரம்தான் பேச முடியும். அண்ணா, சொல்றேன்ல, வேணாம்...

எடுத்துட்டாரா?

மொத ரிங்லயேவா.

இன்னா சொல்றாரு? எதுவா இருந்தாலும் மாட்டிடுங்க, இன்னிக்கே முடிச்சிடுங்கன்னா? வெச்சிட்டாரா?

பின்னால வாலாஜாபாத், காஞ்சிபுரம்னு எவனோ கத்தறது எனக்கும் கேட்டுச்சு. கண்டக்டரு. கம்பெனிக்குள்ள கண்டக்டருக்கு இன்னா வேல, அதான கேக்கறீங்க.

அவருக்கு ஷிஃப்டே இல்லண்ணா. வேலயே இல்ல. போயி ரொம்ப நாளாவுது.

இல்ல, அவரு சொல்லல. அவருக்கு எனக்குத் தெரியும்னே தெரியாது. யாருக்கும் தெரியாது. அத்தைக்குத் தெரியாது, நிலாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், மாரிசெல்விக்குத் தெரியும், இப்ப உங்களுக்கு.

மாரிசெல்வி என் கூட லைன்ல நிக்கற பொண்ணு, திருநெல்வேலிப் பக்கம். பஸ்ல எப்பவும் என் பக்கத்துல ஜன்னலோரம் குந்தும். அன்னிக்கி எங்களுக்கு செகண்ட் ஷிஃப்ட்டு, மத்தியானம் போறோம். ஒரகடம் கூட்ரோட்ல பஸ்ஸு நின்னுச்சு, டிராஃபிக். திடீர்னு அது, யக்கா, அங்க பாருங்க, அந்தப் பாலத்துக்குக் கீழ, உங்க வீட்டுக்கார அண்ணன் மாதிரில்லா இருக்குன்னுச்சு. எட்டிப் பாத்தேன். காலையில ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்னு கெளம்பிப் போன மனுஷன், யூனிஃபார்மோட, வண்டிய தூணாண்ட நிறுத்திட்டு, பிளாட்பாரத்துக் கட்டையில குந்திகினு சோறு துண்ணுகினு கீறாரு. நான் காலையில கட்டிக் குடுத்த டிபன் பாக்ஸு. கத்திரிக்கா கொழம்பு. சிக்னல் வுழுந்துது, பஸ்ஸு போயிடுச்சு.

ஒரு நாளு பெர்மிஷன் போட்டிருப்பாருன்னு நெனச்சேன். அடுத்த நாளு அந்தப் பக்கம் திரும்பவே கூடாதுன்னு இருந்தேன். திரும்பிட்டேன். இருந்தாரு. அதுக்கு அடுத்த நாளும் இருந்தாரு. அங்க இன்னா ஒரு சௌகரியம்னா, எல்லாருமே யூனிஃபார்ம்லதான் நிப்பாங்க. வேலைக்குப் போறவன் எவன், வேலையிலேர்ந்து வரவன் எவன், வேல இல்லாம நிக்கறவன் எவன், யாரு கண்டா? நல்ல எடமாத்தான் பாத்து கீறாரு.

அந்த வாரம் துணி தொவைக்கறப்ப பாத்தேன். கழுத்துல ஐடி கார்டு மாட்டுவாங்களே, நாடா, அது சட்டையோட வந்துடுச்சு. நாடா மட்டும்தான் கீது. நுனியில கார்டு இல்ல. வாங்கிகினாங்க போல. இவரு வெறும் நாடாவ மாட்டிகினு நுனிய பாக்கெட்டுக்குள்ள சொருவிகினு போறாரு, தெனமும். நான் அத்த தனியா அலசி, காய வெச்சு, மறுபடியும் ஆணியில மாட்டி வெச்சிட்டேன். இன்னா பண்ணுவேன் வேற?

ஏன் போச்சுன்னு தெரியாது. அவரு வேல செஞ்ச லைனையே மூடிட்டாங்கன்னு மாரிசெல்விக்கு யாரோ சொன்னாங்களாம். மெய்யா பொய்யா தெரியாது. அவரு சொன்னாதான தெரியும். கணக்கு முடிச்சுக் குடுத்த பணத்தத்தான் இந்தத் தரையில போட்டு கீறாரு, அது எனக்குப் புரிஞ்சிடுச்சு. மாசா மாசம் அதுலேர்ந்தே சம்பளம்னு அத்தை கையில எண்ணிக் குடுக்கறாரு.

ஏன் கேக்கலன்னா... நீங்க அவரப் பாத்ததில்ல. எங்க சொந்தத்துல மொத மொதல்ல பெர்மனெண்ட் ஆனது அவருதான். திருவிழாவுல அவருக்கு மால போட்டு கம்பெனிக்காரருன்னு மைக்குல சொல்லுவாங்க. ஊருல எவன் டிப்ளமோ முடிச்சாலும் சர்ட்டிஃபிகேட்ட எடுத்துகினு இவராண்டதான் வந்து நிப்பான், அண்ணா சொல்லி வுடுங்கன்னு. இப்பவும் வரானுங்க. இவரும் வாங்கி வெச்சிகினு, பாக்கறேன், ஹெச்சார்ல பேசறேன்றாரு. உள்ள ரூம்லேர்ந்து கேட்டுகினு இருப்பேன்.

கொரோனா அப்ப எங்க கம்பெனி மூடிட்டாங்க. நான் வூட்ல அழுதுகினு இருந்தேன். அப்ப இவருதான், நான் கீறேன்ல, ஏன் அழுவறன்னாரு. அந்த ஒரு வார்த்தையிலதான் நான் எழுந்து சோறாக்கினேன். அந்த மனுஷனாண்ட போயி, எனக்குத் தெரியும், உனக்கு வேல இல்லன்னு எப்படிண்ணா சொல்லுவேன்? சொன்னா அவரு மூஞ்சி எப்படி ஆவும்? அத்த நான் பாக்கணுமே. பேசாத ஆளு வேற. பேசாத ஆளுங்க உள்ள இன்னா ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்? பயமா கீது. ராத்திரி எழுந்து எழுந்து பக்கத்துல கீறாரான்னு தடவிப் பாக்கறேன்.

வேலைய வுட மாட்டேன்னு சொல்லலாம். ஏன்னு கேப்பாரு. ஏன்னு சொல்லணும்னா, உனக்கும் சம்பளம் இல்ல, எனக்கும் இல்லன்னா நிலாவ யாரு படிக்க வெக்கறதுன்னு கேக்கணும். அத்த கேட்டா எனக்குத் தெரியும்னு ஆயிடும். எங்க சுத்தினாலும் அங்கியே வந்து நிக்குது. அவரு பாவம் இன்னா நெனைக்கறாருன்னா, இந்தக் கொட்டா ஓட ஆரம்பிச்சா, நானே வேலைய வுட்டுட்டேன்னு கௌரவமா சொல்லிடலாம், எவனுக்கும் எதுவும் தெரியாமயே போயிடும்னு. அவரு வெளிய வர அந்த ஒரே வழிதான் கீது. அந்த வழியில நான் நின்னுகினு கீறேன். நான் நவுந்தா அவரு வெளிய வந்துடுவாரு, நான் உள்ள போயிடுவேன். இந்த மூணு செவுத்துக்குள்ள. ஆர்டரு வருமா வராதான்னு கூட தெரியாம.

அதான் லைட்டு பாத்துகினு கீறேன்.

நீங்க சொல்றது புரியுது. ஸ்டாக்கு இல்லன்னு நீங்களே அவராண்ட சொல்லிடறீங்களா? வேணாண்ணா. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா உங்க பேரக் கெடுத்து எனக்கு ஒரு மாசம் கெடைக்கும், அவ்ளோதான். அந்த மாசமும் அவரு பாலத்துக்குக் கீழதான குந்துவாரு? மழ வேற பேயுது. போன வாரம் ஒரு நாளு நனஞ்சுகினு வந்தாரு, கம்பெனி பஸ் ஸ்டாப்புல நனஞ்சுட்டேன்னாரு. இவரு பஸ்ல போறதே இல்ல. வண்டியிலதான் போறாரு. அதுகூட மறந்து போயி ஒரு பொய். தலைய தொவட்டி வுட்டேன். சின்னப் புள்ள மாதிரி குனிஞ்சு காட்டினாரு.

உங்க போன குடுக்கறீங்களா? இல்ல, வேணாம், என் போன்லயே பண்றேன். நீங்க இருங்க. நீங்க இருந்தாதான் எனக்கு அழுவ வராது.

போவுது ரிங்கு.

ஏங்க, நான்தான். இல்ல, ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லாதான் கீறோம். ஆமா, ஜோயல் அண்ணன் மாட்டிட்டாரு. நல்லா கீது. நீங்க வாங்களேன். வந்து பாருங்க. இல்லீங்க, சாயந்தரம் இல்ல, இப்ப. எனக்கு ரெண்டு மணிக்கு பஸ்ஸு, அதுக்கு முன்னால வாங்க.

இன்னாங்க?

பெர்மிஷன் கேக்கணுமா. சூப்பர்வைசராண்டயா.

...

யாரையும் கேக்க வேணாங்க. வண்டிய எடுங்க, வாங்க. பாலத்துக்குக் கீழ குந்திகினு அந்த ஆறின சோத்த துண்ணாதீங்க. எடுத்துகினு வூட்டுக்கு வந்துடுங்க, நான் சூடா வடிச்சு வெக்கறேன், ஒண்ணா சாப்புடலாம்.

கேக்குதாங்க?

அத்தைக்கு நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நிலாவுக்கும் சொல்ல மாட்டேன். நாளைக்கு காலையில மட்டும் எங்கியும் கெளம்பாதீங்க. நீங்க இங்க பாத்துக்குங்க, நான் வேலைக்குப் போயிட்டு வரேன். வந்து சொல்லிக் குடுக்கறேன், உங்களுக்கு கை சுத்தம், சீக்கிரம் வந்துடும். ஏங்க. ஏங்க, எதுனா பேசுங்க.

...

இல்லண்ணா, கட் பண்ணல. லைன்லதான் கீறாரு. பஸ்ஸு சத்தம் கேக்குது. மூச்சு வுடறது கேக்குது.

இருங்க.

கிக்கர ஒதைக்கறாரு. அவரு வண்டிதான், அது மூணாவது ஒதைக்குதான் ஸ்டார்ட் ஆவும்.

ஆயிடுச்சு.

அண்ணா, அந்த லைட்டு அப்படியே இருக்கட்டும், எறக்காதீங்க. ஏணிய எடுத்துகினு நீங்க கெளம்புங்க. தப்பா நெனச்சிக்காதீங்க, அவரு வரப்ப வெளி ஆளுங்க யாரும் இங்க இருக்க வேணாம். அந்தாண்ட, லாரி யார்டு செவுத்தோரமா போயிடுங்க. வழியில அவரு எதுருல வந்தாகூட, நிக்க வேணாம், பாக்காத மாதிரி போயிடுங்க.